அளத்துக்கு வராத கிழங்கு

தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது மரக்காணம் கடைத்தெருவில் மஞ்சள் கொத்து வந்து இறங்கிவிடும். கிழங்கும் தண்டும் இலையுமாக, வேரில் ஒட்டிய மண் உலராமல், கரும்புக் கட்டுகளுக்குப் பக்கத்தில் குவித்து வைத்திருப்பார்கள். பொங்கல் பானையின் கழுத்தில் கட்ட வீட்டுக்கு ஒரு கொத்து. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய உப்பளங்களிலும் அந்த ஆண்டின் வேலை அப்போதுதான் தொடங்கும். வடகிழக்குப் பருவமழை விட்டுச்சென்ற நீரை வடிப்பார்கள். கரைந்துபோன வரப்புகளைக் கட்டுவார்கள். பாத்தியின் தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள்.

மஞ்சள் விளைந்த தோட்டம் அளத்திலிருந்து அதிகத் தூரத்தில் இருக்க வேண்டியதில்லை. கடலோரத்திலிருந்து மேற்கே நடந்தால் உப்புத்தரை முடிந்து நெல்வயல் வரும், அதன் பின் செம்மண் மேடு வரும். அந்தச் செம்மண்ணில் மஞ்சள் செழிக்கும். அதே கிழங்கை அளத்தின் வரப்பில் ஊன்றினால் முளை எழாது. சில கிலோமீட்டருக்குள் இப்படி ஒரு கண்டிப்பான எல்லையை எது போடுகிறது? உப்பு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். உப்பு என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது, அதே உப்பில் வேறு செடிகள் எப்படித் தழைத்து மனிதருக்குக் கீரையாகவும் ஆகின்றன என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம். இதைப் புரிந்துகொள்ள, உப்புக்கு மிகத் தொலைவில் வாழும் ஒரு காட்டுக் கிழங்கிலிருந்து தொடங்குவது நல்லது. அதன் பெயர் கூவை.

இஞ்சிக் குடும்பத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களும் ஏறத்தாழ 1,600 இனங்களும் உண்டு. இஞ்சி, மஞ்சள், ஏலம், சிற்றரத்தை, கச்சோலம், மாங்காய் இஞ்சி என்று நம் அடுக்களைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் வந்து சேர்ந்தவை அவற்றில் ஒரு கைப்பிடிதான். இந்தக் கைப்பிடியில் உள்ள பலவும் மனிதர் கையை விட்டுப் பிரிய முடியாதவை. இஞ்சி விதை பிடிப்பதேயில்லை எனலாம். மஞ்சளின் செல்லில் 63 குரோமோசோம்கள் இருக்கின்றன. அது மூன்று தொகுதிகளாக அமைந்த எண்ணிக்கை. விதை உருவாக வேண்டுமானால் தொகுதிகள் இரண்டாகச் சமமாகப் பிரிய வேண்டும், மூன்றால் அது நடக்காது. ஈரோட்டு வயலில் நிற்கும் ஒவ்வொரு மஞ்சள் செடியும் யாரோ ஒருவர் வெட்டி நட்ட துண்டிலிருந்து வந்தது. அந்தத் துண்டு அதற்கு முந்தைய ஆண்டின் துண்டிலிருந்து வந்தது. மனிதர் நடுவதை நிறுத்திவிட்டால் இந்தச் செடிகள் எங்கே நிற்கும் என்று சொல்வது கடினம். அதனால் இந்தக் குடும்பத்தின் இயல்பை அறிய, யாரும் நடாமல் தானாகக் காட்டில் வாழ்கிற ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்.

கூவை மஞ்சளுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் குர்க்குமா என்ற ஒரே பேரினம். தாவரவியலாளர்கள் குர்க்குமா அங்குஸ்டிஃபோலியா என்று குறிக்கும் இனம் மத்திய இந்தியக் காடுகளிலும் இமயமலை அடிவாரத்திலும் மேற்குத்தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. நம் மலைகளில் கூவை என்று மக்கள் தோண்டுவது இந்த ஒரு இனத்தை மட்டுமல்ல, மாவு தரும் இன்னும் சில காட்டு மஞ்சள்களையும்தான். கோடை மழை இரண்டொன்று விழுந்ததும், இலைகள் முழுதாக விரியும் முன்பே, தரையை ஒட்டிப் பூத்தண்டு எழும். அதன் உச்சியில் இளஞ்சிவப்புச் செதில்கள். கீழ்ச் செதில்களின் இடுக்கிலிருந்து மஞ்சள் நிறப் பூக்கள் ஒன்றிரண்டாக எட்டிப் பார்க்கும். பருவமழையோடு இலை விரியும். மரநிழலில் ஒழுகி வரும் கொஞ்ச வெளிச்சத்தைப் பிடிக்க அகலமான, மெல்லிய இலை. சில மாதம் அந்த இலை உழைத்து ஈட்டுவதெல்லாம் மண்ணுக்கடியில் போய்ச் சேரும். மழை ஓய்ந்து பனி தொடங்கும்போது இலை பழுத்துச் சாய்ந்துவிடும். மார்கழியில் காட்டுக்குள் போகிறவருக்கு அங்கே ஒரு செடி இருந்ததே தெரியாது, காய்ந்த இலைத்தாள் எங்கே கிடக்கும் என்று பழகிய கண்ணுக்கு மட்டும் தெரியும். அந்த இடத்தில்தான் தோண்டுவார்கள்.

தோண்டிய கிழங்கை அப்படியே தின்ன முடியாது. கசப்பும் காரமும் கலந்த ஒரு நெடி நாக்கைப் பிடிக்கும். பூச்சியும் பூஞ்சையும் பன்றியும் தன் சேமிப்பைத் தொடாமலிருக்க, இந்தக் குடும்பம் முழுவதும் கையாளும் உத்தி இது. உடம்பெங்கும் எண்ணெய்ச் செல்களைப் பதித்து வைத்திருக்கிறது. இஞ்சியிலும் மஞ்சளிலும் நாம் வாசனை என்று கொண்டாடுவது அந்தத் தற்காப்பைத்தான். கூவையில் மனிதர் தேடுவது வாசனையை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் மாவை. கிழங்கைக் கழுவித் தோல் சீவி, சொரசொரப்பான கல்லில் தேய்த்து விழுதாக்குவார்கள். விழுதைத் துணியில் கட்டி நீருக்குள் பிசைவார்கள். நார் துணியில் நிற்கும், மாவு நீரோடு வெளியேறி மெல்ல அடியில் படியும். மேல்நீர் மஞ்சளாக, கசப்பாக இருக்கும். அதை ஊற்றிவிட்டுப் புதுநீர் விட்டுக் கலக்குவார்கள். மறுபடி படிய விடுவார்கள். நீர் தெளிந்து கசப்புப் போகும்வரை, நாள்கணக்கில், இதே வேலை. கடைசியில் அடியில் நிற்கும் வெண்மையான படிவை வெயிலில் காய வைத்தால் கூவை மாவு.

சத்தீஸ்கரின் பஸ்தர் காடுகளில் இதே மாவைத் திக்கூர் என்பார்கள். கேரளத்தில் திருவாதிரை நோன்புக்குக் கூவைப் பண்டம் செய்வது வழக்கம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கூவைக் கஞ்சி கொடுப்பது மேற்குத்தொடர்ச்சி மலையின் இரு பக்கமும் பழகிய வைத்தியம். சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில், பேரியாற்றங்கரையில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனுக்கு மலைமக்கள் கொண்டுவரும் திறைப் பொருள்களில் யானைத் தந்தம், சந்தனம் இவற்றோடு கூவை மாவும் இருக்கிறது. மன்னனுக்குக் கொடுக்கத் தகுந்த பொருள் என்று அதைக் கருதியிருக்கிறார்கள் என்றால், அந்த மாவுக்குப் பின்னால் இருந்த உழைப்பை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். இன்று கடையில் ஆரோரூட் என்று கிடைக்கும் பொட்டலத்தில் பல நேரம் இருப்பது மரவள்ளி மாவு. காட்டுக் கூவையைத் தோண்டுவோரின் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்த மாவுக்கு அதன் உழைப்புக்கேற்ற விலை கிடைக்கச் சட்டம் மட்டும் போதவில்லை.

இனி உப்பு. மேலே சொன்ன மாவெடுப்பில் ஒரு முக்கியமான இயற்பியல் ஒளிந்திருக்கிறது: மாவு குளிர்ந்த நீரில் கரைவதில்லை. கரைந்திருந்தால் கசப்போடு அதுவும் ஊற்றப்பட்டுப் போயிருக்கும். செடிக்கும் இந்தக் கரையாமை உயிர்நாடியான விஷயம்.

இலையில் உருவாவது சர்க்கரை. சர்க்கரை நீரில் நன்றாகக் கரையும். கரைந்த எதுவும் நீரைத் தன் பக்கம் இழுக்கும். மெல்லிய சவ்வு ஒன்றின் இரு பக்கமும் இரண்டு கரைசல்கள் இருந்தால், கரைந்த துகள்கள் குறைவாக உள்ள பக்கத்திலிருந்து அதிகமாக உள்ள பக்கத்துக்கு நீர் நகரும். பள்ளிப் பாடத்தில் இதைச் சவ்வூடு பரவல் என்று படித்திருப்போம். பாடப்புத்தகம் அழுத்திச் சொல்லாமல் விடுகிற ஒன்று இருக்கிறது: இந்த இழுவிசை துகளின் எடையையோ அளவையோ பார்ப்பதில்லை, எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது. ஒரு லிட்டர் கரைசலில் 180 கிராம் குளுக்கோஸ் இருந்தால் அதன் இழுவிசை ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம். அந்த 180 கிராம் குளுக்கோஸ் மூலக்கூறுகளைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்து மாவாக்கிவிட்டால், ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்து ஒரே துகளாகிவிடும். எண்ணிக்கை சரிந்துவிடும், இழுவிசையும் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். அதனால்தான் கூவைக் கிழங்கு தன் எடையில் கணிசமான பகுதியை உணவாக நிரப்பிக்கொண்டும், நீரை அளவுமீறி உறிஞ்சி வெடிக்காமல், எட்டு மாத வறட்சியில் மண்ணுக்குள் அமைதியாகக் கிடக்க முடிகிறது. எண்ணிக்கையில் வராத வடிவத்தில் சேமிப்பது என்று இந்த உத்தியைச் சொல்லலாம்.

உப்பு இதற்கு நேர் எதிர். நீரில் விழுந்ததும் ஒவ்வொரு உப்பு அலகும் சோடியம், குளோரைடு என்று இரண்டு துகளாகப் பிரிகிறது. எடை குறைவு, எண்ணிக்கை அதிகம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புதான் இருக்கிறது. அதன் இழுவிசையும் அதே 25 வளிமண்டல அழுத்தம். 180 கிராம் குளுக்கோஸ் செய்யும் வேலையை 35 கிராம் உப்பு செய்துவிடுகிறது.

மாங்காய் இஞ்சி ஊறுகாய் போட்டவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். வட்டமாக நறுக்கிய மாங்காய் இஞ்சியில் உப்பைத் தூவிக் கிளறி மூடி வைத்தால், ஒரு மணி நேரத்தில் பாத்திரத்தின் அடியில் நீர் நிற்கும். யாரும் ஊற்றிய நீர் அல்ல, கிழங்கின் செல்களுக்குள்ளிருந்து உப்பு இழுத்தெடுத்த நீர். துண்டுகள் துவண்டு வளையும். கெட்டுப்போக வைக்கும் பாக்டீரியாவுக்கும் இதே கதி நேர்வதால்தான் ஊறுகாய் கெடாமல் நிற்கிறது. ஊறுகாய்ப் பாத்திரத்தில் மாங்காய் இஞ்சிக்கு நடப்பதும், அளத்து வரப்பில் நட்ட மஞ்சளின் வேருக்கு நடப்பதும் ஒரே நிகழ்வு.

எவ்வளவு உப்பு இருந்தால் இது நடக்கும்? மண் காயக் காய, மிஞ்சிய நீரை மண்துகள்கள் இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி 15 வளிமண்டல அழுத்தத்தை எட்டும்போது பெரும்பாலான பயிர்கள் மீளமுடியாமல் வாடிவிடும் என்பது மண் அறிவியலில் நெடுநாளாகப் பயன்படும் வரையறை. கடல்நீரின் இழுவிசை 25. ஆகவே கடல்நீரில் ஊறிக் கிடக்கும் மண், ஒரு சாதாரணப் பயிரின் வேருக்கு, மீளமுடியாமல் வாடும் அளவுக்குக் காய்ந்த நிலத்தை விடவும் வறண்டது. காலடியில் நீர் தளும்புகிறது, வேரால் ஒரு துளி எடுக்க முடியவில்லை. மரக்காணத்தின் அளத்தில் நிற்கும்போது இந்த எண்களை நினைத்துக்கொண்டால், அந்த வெள்ளை வெளியின் கொடுமை வேறு விதமாகப் புரியும்.

அளத்து நீர் கடல்நீரோடு நிற்பதுமில்லை. பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலில் காய்ந்து கனக்கிறது. நீரின் கனத்தை டிகிரியில் சொல்வார்கள். கடல்நீர் ஏறத்தாழ மூன்றரை டிகிரி. போகிற வழியில் முதலில் சுண்ணாம்பும் பிறகு ஜிப்சமும் படிந்துவிடும். 25 டிகிரியைத் தொடும்போது, முதலில் இருந்த நீரில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அப்போதுதான் சமையல் உப்பு பூக்கத் தொடங்கும். முப்பது டிகிரியை நெருங்கினால் மக்னீசியம் உப்புகளின் கசப்பு ஏறிவிடும் என்பதால் மிச்ச நீரை வடித்துவிடுவார்கள். மலையில் கூவை மாவு எடுப்பவரும் கடற்கரையில் உப்பு வாருபவரும் வேண்டாத கசப்பை நீரோடு வெளியேற்றித்தான் வெள்ளையை அடைகிறார்கள். ஒருவர் கரையாததைப் படியவைக்கிறார், மற்றவர் கரைந்ததை வெயிலைக் கொண்டு வெளியே வரவைக்கிறார்.

நீர் கிடைக்காமை உப்பின் முதல் அடி மட்டுமே. ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் ரானா மன்ஸ் உப்பின் தாக்குதலை இரண்டு கட்டமாகப் பிரித்துக் காட்டினார். முதல் கட்டம் சில மணி நேரத்தில் தெரியும்: வேருக்கு நீர் கிட்டாமல் வளர்ச்சி நின்றுபோகும். இரண்டாவது மெல்ல வரும். வேர் எவ்வளவு வடிகட்டினாலும் கொஞ்சம் சோடியம் நீரோடு மேலே ஏறும். இலையிலிருந்து நீர் ஆவியாகிப் போகும், சோடியம் போகாது. நாளுக்கு நாள் இலையில் அது குவியும். செல்லுக்குள் பொட்டாசியம் செய்ய வேண்டிய வேலைகளில் சோடியம் வந்து குறுக்கே நிற்கும், நொதிகள் முடங்கும், முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து கருகும். இந்த இரண்டாம் அடிக்கு இஞ்சிக் குடும்பம் குறிப்பாக எளிதில் இலக்காகும் உடலமைப்பைக் கொண்டது. நிழலும் ஈரமும் உள்ள காட்டுத் தரையில் உருவான குடும்பம் இது. மெல்லிய அகன்ற இலை நீரைத் தாராளமாக ஆவியாக்கும். வேர் மேல்மண்ணோடு நின்றுவிடும். உவர்நிலத்துக்குப் பேர்போன தாவரங்களின் வரிசையில் இஞ்சி உறவினரைத் தேடிப் பயனில்லை.

அந்த வரிசையே சிறியது. உலகின் பூக்கும் தாவரங்களில் நூற்றுக்கு ஒன்று கூட முழு உவர்நிலச் செடி அல்ல. அந்தச் சிறு கூட்டத்தில் இரண்டை மரக்காணத்தின் கழியோரங்களில் யாரும் பார்க்கலாம். ஒன்று உமரி. நம் தண்டுக்கீரை, அரைக்கீரை சேர்ந்த குடும்பம்தான் அதற்கும். மற்றொன்று வங்காரவள்ளை, சிவந்த தண்டும் தடித்த இலையும் சிறு ஊதாப் பூவுமாகத் தரையோடு படரும், வரப்பின் மண்ணை இறுக்கிப் பிடிக்கும்.

இவை உப்பைத் தடுப்பதில்லை. உள்ளே அனுமதிக்கின்றன, ஆனால் எங்கே வைப்பது என்பதில் மிகக் கண்டிப்பாக இருக்கின்றன. தாவரச் செல்லின் நடுவில் வாக்குவோல் என்ற பெரிய நீர்ப்பை உண்டு. செல்லின் முக்கிய உயிர்வேலைகள் பெரும்பாலும் அதற்கு வெளியேதான் நடக்கின்றன. வந்த சோடியத்தை அந்தப் பைக்குள் தள்ளுவதற்கென்றே அதன் சுவரில் புரதங்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. பைக்குள்ளிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே விட்டு, பதிலுக்கு ஒரு சோடியம் அயனியை உள்ளே வாங்கும் ஏற்பாடு இது. நொதிகள் வேலை செய்யும் பகுதி இதனால் சோடியத்தின் பிடியிலிருந்து தப்பிக்கிறது. ஆனால் அந்தப் பகுதி இப்போது இரண்டு பக்கமும் உப்பால் சூழப்பட்டிருக்கிறது, நீர் அதிலிருந்து வெளியேறிவிடக் கூடாதே! அதற்காக நொதிகளுக்குத் தீங்கு செய்யாத பீட்டைன், புரோலின் போன்ற பொருள்களைச் செடி அங்கே கரைத்து நிறுத்துகிறது. எண்ணிக்கைக்கு எண்ணிக்கை ஈடாகிவிடுகிறது. உள்ளே உப்பு வைத்திருப்பதால், வெளியே இருக்கும் உவர்நீரை விட அதிக இழுவிசை செடிக்குக் கிடைக்கிறது. உவர்நீரிலிருந்தே அது நீரை உறிஞ்சிக்கொள்கிறது. எதிரியாக வந்த உப்பே இறைகருவியாகிவிடுகிறது. தாவர உலகில் நான் மிகவும் வியக்கும் ஏற்பாடுகளில் இது ஒன்று. கூவை எண்ணிக்கையில் வராததைச் சேர்த்து வறட்சியைக் கடக்கிறது, உமரி எண்ணிக்கையில் வருவதைச் சேர்த்து அதே வறட்சியில் பச்சையாக நிற்கிறது.

உமரியும் வங்காரவள்ளையும் கடலோர ஏழை வீடுகளில் கீரையாகச் சமைக்கப்படுகின்றன. இளந்தளிரைக் கிள்ளி வந்து, வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட்டு, மறுபடி பருப்போடோ இறாலோடோ சேர்த்துச் சமைப்பார்கள். உப்பு போட வேண்டியதில்லை. வடித்த நீரோடு அதிகப்படி உப்பும் ஆக்ஸாலிக் அமிலத்தின் ஒரு பகுதியும் போய்விடும். பல காட்டு உணவுகளில், செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாட்டை மனிதர் நீரால் அவிழ்த்துத்தான் உண்ண முடிந்திருக்கிறது.

கூவையின் வழி இந்தக் கரைக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. மரக்காணத்துக்குத் தெற்கே கீழ்ப்புத்துப்பட்டில் ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு இருக்கிறது. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளில் மிஞ்சியிருக்கும் சில துண்டுகளில் அது ஒன்று. வீரையும் காசானும் பாலையும் நெருங்கி நிற்கும் காடு. புதுச்சேரி பல்கலைக்கழகத்தினரும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினரும் இந்த வகைக் காடுகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். இங்கே ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மரங்கள் தடித்த சிறு இலைகளால் கோடையைத் தாங்குகின்றன. தரைச்செடிகளில் சில கூவையைப் போலவே மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன. செங்காந்தளும் காட்டுக்கருணையும் அப்படிப்பட்டவை. இஞ்சிக்கு உறவில்லாத குடும்பங்கள், ஆனால் ஒரே கணக்கு: மழையில் எழு, மாவாகச் சேர், இலையை விடு, உறங்கு. செங்காந்தளின் கிழங்கு கொடிய நஞ்சு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த நீரும் அதை உணவாக்காது.

இஞ்சிக் குடும்பத்தை அறிவியல் அறிந்துகொண்ட வரலாறும் இந்தக் கரையோடு பிணைந்தது. லின்னேயஸின் மாணவரான யோஹன் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். பிறகு ஆற்காடு நவாப்பிடமும், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கையியலாளராக வேலை பார்த்தார். 1778இல் சயாம், மலாக்கா பக்கம் பயணம் போனவர், அங்கே இஞ்சி இனங்களை உயிரோடு, பூத்து நிற்கும்போதே பார்த்து விரிவாக எழுதினார். இது ஏன் பெரிய காரியம் என்றால், இந்தக் குடும்பத்தின் பூ பெரும்பாலும் ஒரே நாள் நிற்கும். நீர் நிறைந்த, மெல்லிய திசு. காகிதத்தில் வைத்து அழுத்தி உலர்த்தினால் உருவம் தெரியாமல் ஒட்டிக்கொள்ளும். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த உலர்ந்த மாதிரிகளைப் பார்த்துப் பூவின் அமைப்பைச் சொல்ல முடியவில்லை. பூவில் பெரிதாகத் தெரியும் இதழ் உண்மையில் இதழே அல்ல, மலடான மகரந்தத்தாள்கள் இணைந்து விரிந்தது. வளமான மகரந்தத்தாள் ஒன்றே ஒன்றுதான். செடி நிற்கும் இடத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் இது புலப்படும். கோனிக்கின் குறிப்புகள் 1783இல் ஐரோப்பாவில் அச்சாயின. இனிய மணமுள்ள பூக்களுக்குப் பேர்போன ஹெடிகியம் பேரினத்துக்குப் பெயரிட்டவர் அவர்தான். கோனிக்கிடம் பழகிக் கற்ற வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பெருநூலாக்கினார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குப் போனபின் கூவையை 1810இல் விவரித்து, இன்று வழங்கும் அறிவியல் பெயரைத் தந்தார். அவர்களுக்கு முன்பே மலையாளக் கரையில் ஹென்ரிக் வான் ரீட் தொகுத்த ஹோர்டூஸ் மலபாரிகூஸின் 11ஆம் தொகுதியில், 1692இல், கூவை வகைகள் உள்ளூர்ப் பெயர்களோடு படங்களாகியிருந்தன. அந்தப் பெயர்களைச் சொன்னவர்கள் மலையாளத்து வைத்தியர்களும் மரமேறிகளும். அந்த அறிவு இல்லாமல் அந்தப் படங்கள் இல்லை.

மரக்காணத்தில் உப்புக்கும் நன்னீருக்கும் இடையிலுள்ள கோடு நிலையாக நிற்பதில்லை. ஊருக்குத் தெற்கே விரியும் கழுவேலி ஏரி, உப்புக்கல்லி ஓடை வழியாகவும் எடையந்திட்டுக் கழிமுகம் வழியாகவும் கடலோடு தொடர்புகொள்கிறது. மழைக்காலத்தில் மேற்கேயிருந்து வரும் நீர் உப்பைக் கடலுக்குத் தள்ளும், கோடையில் உவர் உள்ளே ஏறும். 2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட ஏரி இது, பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். அதே 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது உப்பளங்கள் மழைநீரில் மூழ்கின. 2004 டிசம்பரில் சுனாமி இதற்கு எதிரான வேலையைச் செய்திருந்தது: தமிழகக் கரை நெடுக நெல்வயல்களில் கடல்நீர் ஏறி நின்றது. நாகப்பட்டினம் பகுதியில் ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, மழைநீரைத் தேக்கி உப்பைக் கீழே இறக்கி நிலத்தை மீட்டார்கள். கடல்மட்டம் உயர உயர, நிலத்தடி நீரை நாம் உறிஞ்ச உறிஞ்ச, இந்தக் கோடு மேற்கே நகரும். அப்போது முதலில் பின்வாங்கும் பயிர்களில் இஞ்சியும் மஞ்சளும் இருக்கும்.

உமரியையும் வங்காரவள்ளையையும் இந்த இடத்தில் வெறும் களையாகப் பார்ப்பது தவறு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உவர்நிலத்தில் இந்த இரண்டில் எதை வளர்த்து அறுத்தெடுத்தாலும் நான்கே மாதத்தில் ஒரு ஹெக்டேரிலிருந்து ஏறக்குறைய 500 கிலோ உப்பு வெளியேறும் என்று கணக்கிட்டார்கள். இதில் ஒரு கட்டாயம் உண்டு. அறுத்த செடியை நிலத்திலேயே போட்டுவிடக் கூடாது. மக்கினால் வாக்குவோலில் பூட்டியிருந்த உப்பு மறுமழையில் மண்ணுக்கே திரும்பிவிடும். அறுத்தது நிலத்தை விட்டு வெளியே போயாக வேண்டும். எங்கே போவது? பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆய்வு நிறுவனம் உமரியினச் செடியிலிருந்து சலோனி என்ற தாவர உப்பை உருவாக்கிக் காட்டியிருக்கிறது. அடுக்களைக்குப் போவது இன்னும் நேரான வழி.

அளத்தில் வேலையில்லாத மாதங்கள் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 2022 முதல் ரூ.5,000 நிவாரணம் கொடுத்து வருகிறது. உமரி புதுத்தளிர் விடுவதும் அந்த மழையில்தான். விடியுமுன் எழுந்து வெயில் ஏறும்வரை உப்பு வாரும் பெண்களுக்கு இந்தச் செடியின் ஒவ்வொரு கணுவும் தெரியும், எந்த வரப்பில் கிள்ளலாம், எந்த முதிர்ச்சியில் விட்டுவிட வேண்டும் என்பதும் தெரியும். தெரியாமல் இருப்பவை ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டியவைதான்: உப்பைச் சேர்க்கும் செடி காரீயம், காட்மியம் போன்ற கன உலோகங்களையும் சேர்க்கக்கூடியது என்பதால், கழிவுநீர் கலக்கும் ஓடையோரத்தில் பறித்த கீரையைச் சோதித்தாக வேண்டும், ஆக்ஸாலிக் அமிலம் எத்தனை முறை வடித்தால் எவ்வளவு குறைகிறது என்று அளந்தாக வேண்டும், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் எவ்வளவு உண்ணலாம் என்று சொல்லியாக வேண்டும். இவை எளிய சோதனைகள். கருவிகள் புதுச்சேரியில் இருக்கின்றன, மரக்காணத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தொலைவில்.